லாரிக்காரர் இறங்குவதில்லை

கொரிய சீரியல்களில் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போகப் பல வழிகள் உண்டு. கிணறு, சந்திர கிரகணம், பழைய கடிகாரம், பாதியில் நின்றுபோன லிப்ட். ஆனால் பெரும்பாலான வேலையைச் செய்வது லாரிதான். கதாநாயகன் மனசில் இருப்பதை ஒருவழியாகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடப்பான். பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளை லாரி வரும். அடுத்த காட்சியில் ஆள் முந்நூறு வருஷம் பின்னால், பட்டு அங்கியோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து உட்கார்ந்திருப்பான்.

எனக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். அந்த லாரியை ஓட்டியவன் என்ன ஆனான் என்று கடைசி வாரம் வரை ஒருத்தரும் கேட்பதில்லை. நான் லாரி ஓட்டுகிறவன். கல் குவாரியில் ஜல்லி ஏற்றி, கட்டடம் கட்டுகிற இடங்களில் கொட்டிவிட்டு வருவேன். வளைவு வந்தால் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன் என்பதால் எனக்கு டபுள் ஹாரன் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் ஞாபகம் இருக்கலாம்.

இந்த சீரியல்கள் என் வாழ்க்கைக்குள் வந்தது எடை மேடை மேடத்தால். குவாரி வாசலில் எடை மேடை இருக்கிறது. காலி வண்டியை ஏற்றி ஒரு எடை, லோடு ஏற்றிய பின் ஒரு எடை, கழித்தால் ஜல்லி. மேடையில் ஏறியதும் என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவரையும் ஜல்லி விலைக்கு விற்றதாகிவிடும். என் உடம்புக்கு, வாங்குகிறவனுக்கு நஷ்டம் கொஞ்சம் அதிகம். மேடையை ஒட்டி மூன்று படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே மேடம், கம்ப்யூட்டர், எங்களை அதட்டுவதற்கு ஒரு மைக், சீட்டு அடிக்கும் பிரிண்டர், அதன்மேல் சாய்த்து வைத்த போன். போனில் எந்நேரமும் யாராவது காலம் தாண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் சீட்டு வாங்கப் போனபோது சரியாக லாரி மோதிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், ஹாரனே அடிக்கல?" என்றேன்.

"யாரு?"

"அந்த லாரிக்காரன். நேர் ரோடு, நல்ல வெளிச்சம். ஒரு பிரேக் போட்ட தடம் இருக்கா பாருங்க. இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

மேடம் படத்தை நிறுத்தினார். "எல்லாரும் அழுற சீன் இது."

"நானும்தான் அழுறேன். அடிபட்டவன் உயிரோட இருக்கானான்னு இறங்கி வந்து பாக்குறானா? எந்தக் கதையிலயும் லாரிக்காரன் இறங்கவே மாட்டான் போல."

அவர் சிரித்தார். மைக் அணைக்காமல் இருந்ததால் அந்தச் சிரிப்பு குவாரி முழுக்கக் கேட்டது. கல் உடைக்கும் இயந்திரத்தின் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ தப்புச் செய்தவன் போல சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு கதையைத் தவணையில் கேட்க ஆரம்பித்தேன். காலி எடைக்கு வரும்போது பாதி சொல்வார், லோடு எடைக்கு வரும்போது மீதி. நடுவில் ஜல்லி ஏறுகிற நேரம் முழுக்க, கதாநாயகனை அரண்மனைச் சிறையில் விட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் விட்டுப்போன இடங்களை அக்காவோடு உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. முடி பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டது. கொரியாவில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வேடம் அந்த லாரிக்காரன்தான். நல்லவேளை, அவன் முகத்தைக் காட்டுவதில்லை.

மேடத்துக்கு ஒரு கல்யாணம் நடந்து, ஒத்துவராமல், முடிந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. அதை அவர் வழியில் டயர் பஞ்சர் ஆன கதை மாதிரிதான் சொன்னார். பிறகு கேட்டார்: "சீரியல்ல மாதிரி உங்களை யாராவது பல வருஷம் பின்னால கொண்டுபோய் விட்டா என்ன பண்ணுவீங்க?"

இந்தக் குவாரி வேலைக்கு இன்னும் சீக்கிரமே வந்து சேர்ந்திருப்பேன் என்பதுதான் பதில். அது நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால், "ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால யாராவது நிக்குறாங்களான்னு பாப்பேன் மேடம்" என்று வெளியே வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "உங்ககிட்ட நேரா ஒரு பதில் வாங்க முடியாது" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சேதி வந்தது. மேடையில் கேமரா வைக்கப்போகிறார்கள், சீட்டு தானாக அடிக்கும். மேடத்துக்குத் தலைமை ஆபீஸில் வேலை. ஏசி அறை, சம்பளமும் கூட. ஆனால் இங்கிருந்து அரைநாள் பயணம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அன்றைக்கு சீரியல் பார்க்கும்போது எனக்கு ஒரு காட்சியும் மண்டையில் ஏறவில்லை. அக்கா எப்போதும் போல அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். அழுகை கொரியாவுக்கு, திட்டு எனக்கு.

"நீ யாருக்காகடா இதைப் பாக்குற?"

"கதை நல்லா இருக்குக்கா."

"நியூஸ் போட்டாலே தூங்குறவன் நீ. அந்த எடை போடுற பொண்ணுதான?" மூக்கை உறிஞ்சினாள். "சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"சரியாப் போச்சு. அங்க ஒருத்தன் முந்நூறு வருஷம் தாண்டி வந்து சொல்றான். உனக்கு மூணு படி ஏற முடியல."

"ஏறிடுவேன்க்கா. ஏறின உடனே வாய் தானா ஜோக் அடிக்குது."

"அப்ப ஏறாத. கீழ இருந்தே கத்து. வாயத் திறக்குற வரைக்கும் அந்த இடத்த விட்டு நகராத."

அக்கா சொன்னதை நான் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை லோடோடு மேடையில் ஏறியதும் என்ஜினை அணைத்தேன், இறங்கவில்லை. எனக்குப் பின்னால் சித்தப்பா வண்டி. வயதில் மூத்த டிரைவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரைச் சித்தப்பா என்போம்.

ஸ்பீக்கரில் மேடம் குரல் வந்தது. "டபுள் ஹாரன், இறங்குங்க. எடை போடணும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வண்டில கோளாறா?"

தலையை வெளியே நீட்டிச் சொன்னேன். இரண்டு வாக்கியம், ஒரு ஜோக்கும் கலக்காமல், சுத்தமாகச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் மேடம் காதில் கையை வைத்துக் காட்டினார். கேட்கவில்லை. கல் உடைக்கும் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். சித்தப்பாவுக்கு மட்டும் ஏதோ கேட்டிருக்க வேண்டும், ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்துவிட்டார்.

ஸ்பீக்கர் இரைந்தது. பிறகு மேடம் மெதுவாகச் சொன்னார், குவாரி முழுக்கக் கேட்டது. "ஒண்ணும் கேக்கல. சீரியல்லதான் லாரிக்காரர் இறங்குறதே இல்ல. நீங்களுமா? இறங்கி வந்து சொல்லுங்க."

இறங்கினேன். மூன்று படியும் ஏறினேன். உள்ளே போனதும் முதல் வேலையாக மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன்.

"மேடம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஜோக் வரும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நானும் அது எந்த நேரமும் வந்துவிடும் என்று பயந்துகொண்டுதான் நின்றேன். வரவில்லை. கடிகாரம் மாட்டிய சுவரைப் பார்த்தேன், மறுபடி அவரைப் பார்த்தேன்.

"என்னால பின்னால எல்லாம் போக முடியாது," என்றேன். "இருக்குற காலத்துல பண்ணிக்கலாம்."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். டிரைவர் இல்லாத சுத்தமான எடை திரையில் ஆடாமல் நின்றது. பட்டனைத் தட்டி, சீட்டைக் கிழித்து, வழக்கம் போல என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். அவர் தன் பக்கத்து நுனியை விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க. எங்க அம்மா ஆயிரம் கேள்வி கேப்பாங்க, அவங்ககிட்டயாவது நேரா பதில் சொல்லுங்க."

"சரி மேடம்."

"பஸ்ல வாங்க."

"ஏன் மேடம், வண்டி இருக்கே?"

"மனசுல இருக்கிறத சொன்ன ஆளுக்கு அடுத்த சீன்ல என்ன ஆகும்னு தெரியும்ல?" சீட்டை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இப்பவே பாத்து இறங்கிப் போங்க."

படியிலிருந்து என் லாரிக்குப் பத்தடிகூட இருக்காது. இருந்தாலும் கீழ்ப்படியில் நின்று இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். சித்தப்பா பொறுமை இழந்து ஹாரனை அழுத்தினார், நீளமாக, காது கிழிகிற மாதிரி. எவ்வளவு நல்ல டிரைவர்.