கிணறு தெரிகிற பெட்டி

“டப்பாவைப் பிரிங்க. மூணையும் ஏரியில எறக்கி ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஒண்ணை எடுப்போம்.”

கேட்டேவிட்டாள் மணிமேகலை. காரிமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து தர்மபுரியில் இறங்கும்வரை எதைக் கேட்கவே கூடாது என்று பெரியண்ணன் நான்கு தடவை சொல்லிக் கூட்டி வந்தாரோ, சரியாக அதையே கேட்டாள். கடைக்குள் கால் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பெரியண்ணன் குண்டலஅள்ளி ஏரியில் சுற்றுலாப் படகு விடும் குழுவின் தலைவர். சலவை வேட்டி கசங்காமல் நடக்கத் தெரிந்தவர். கடைக்காரரிடம் பொருளைச் சோதித்துக் காட்டச் சொல்வதும், அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுதான். “நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளுங்கம்மா நாம. பிரி, காட்டு, ஓட்டுன்னு நின்னா மரியாத போயிடும். போனமா, இருக்கறதுல பெருசைக் கை காட்டினமா, வந்தமான்னு இருக்கணும்.” நான்கு தடவையும் ஒரு சொல் மாறாமல் இதைத்தான் சொன்னார்.

மணிமேகலை நான்கு தடவையும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். புவியியல் படித்தவள். அப்புறம் படகு ஓட்டும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவள். வாயை மூடிக்கொண்டு நிற்கிற பாடத்தை மட்டும் இரண்டு இடத்திலும் நடத்தவில்லை.

குண்டலஅள்ளி ஏரியின் கரையை உயர்த்தியபோது அடியில் இருந்த வயல்களோடு ஒரு பெரிய வட்டக் கிணறும் தண்ணீருக்குள் போனது. மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். கிணற்றை என்ன செய்வது? அது அங்கேயே கிடக்கிறது. ஏரி நிறைந்திருந்தால் அதன் சுவர் ஏழடி ஆழத்தில் இருக்கும். தண்ணீர் இறங்க இறங்க சத்தம் போடாமல் மேலே வரும். போன சித்திரை மாசம் சேலத்துக் குடும்பம் ஒன்றை மணிமேகலை ஏற்றிக்கொண்டு போனபோது, மோட்டாரின் விசிறி அந்தச் சுவரில் அடித்து முறிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நடு ஏரியில் ஒன்றரை மணி நேரம் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கரைக்கு வந்ததும் ஊர்க்காரர்கள், “பொம்பளப் புள்ளகிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான்” என்றார்கள். அதே சுவரில் அவளுக்கு முன்னால் ஓட்டிய அருண்குமார் இரண்டு தடவை மோதியிருக்கிறான். அவனுக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்து, “போவட்டும் வுட்றா” என்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சூடாகும்.

சுற்றுலாத் துறை ஆபீசர் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். வழியும் ஆழமும் காட்டும் ஜி.பி.எஸ். சார்ட் பிளாட்டர் பொருத்தாமல் படகு கிளம்பக் கூடாது. படகு எங்கே நிற்கிறது என்பதை வரைபடத்தின்மேல் காட்டும் திரைப்பெட்டி அது. ஆறு மாசமாகப் படகு கரையில் கவிழ்ந்து கிடக்க, மணிமேகலை வாகனம் நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். வருகிற திங்கட்கிழமை ஆபீசர் திரும்ப வருகிறார். அவளுக்குப் படகோட்டும் அந்தச் சக்கரம் திரும்பக் கைக்கு வர வேண்டும். அந்தக் கிணறு கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

கடைக்காரர் செபாஸ்டின், நிலம் அளக்கும் கருவிகளும் பம்புசெட்டும் விற்பவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏரியில எறக்கியா?”

“ஆமாங்க. சுவத்துல மாட்டிப் பாத்தா எல்லா மிஷினும் நல்லாத்தான் எரியும்.”

“அந்தப் புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க,” என்று பெரியண்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். “நீங்க அந்தப் பெரிய பொட்டியை எடுத்துக் கட்டுங்க.”

“வெளையாட்டுக்குச் சொல்லலைங்க,” என்றாள்.

செபாஸ்டின் திடீரென்று சிரித்தார். “கொச்சியிலேர்ந்து இது மூணும் வந்து ஒரு வருசம் ஆவுது. நானே இன்னும் பிரிச்சிப் பாத்ததில்லைங்க. படகுலயும் ஏறினதில்ல.” கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே ஷட்டரை இழுத்துப் பூட்டினார். “வாங்க, ஜீப்பு இருக்குது.”

பெரியண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். திரும்பிப் போகும் பஸ் காசு மிச்சமானதில் மட்டும் கொஞ்சம் சமாதானமானார்.

உச்சி வெயிலில் ஏரிக்கரைக்கு வந்தார்கள். படகை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளி, புது விசிறி போட்ட மோட்டாரை மாட்டினார்கள். முன்பலகையில் மூன்று பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டி, பேட்டரியோடு கம்பியைச் சேர்த்தார் செபாஸ்டின். மூன்றும் உயிர் பெற்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கீச்சிட்டன. பெரியது பன்னிரண்டு அங்குலம். விரல் பட்டால் வேலை செய்யும் கண்ணாடித் திரை. நடுவில் இருந்தது ஏழு அங்குலம். கடைசியில் இருந்தது ஐந்தே அங்குலம், கீழே வரிசையாகப் பித்தான்கள், பார்க்க மின்கட்டணம் போடுகிறவர் கையில் வைத்திருக்கும் மிஷின்போல இருந்தது. பெரியதற்கும் சின்னதற்கும் தண்ணீருக்குள் தொங்கவிட ஆளுக்கொரு கறுப்புக் கட்டி உண்டு. அதுதான் அடியில் ஒலியை அனுப்பி ஆழம் சொல்வது.

கரையில் மீன் வறுத்து விற்கும் மணிமேகலையின் அம்மா தீர்த்தம்மாள், அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். கிண்ணத்தில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம்.

“வெள்ளிக்கெழமை. புது மிஷினை மொட்ட நெத்தியோட எறக்கறதா?”

“ம்மா, இன்னும் எதையும் வாங்கல.”

“வாங்கறதுக்குள்ள இதுங்களுக்குத் தெரியவா போவுது?” என்று சொல்லி, மூன்று திரைக்கும் மேல் மூலையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒவ்வொரு பொட்டு வைத்தாள். பெரியண்ணனுக்கு ஒன்று. செபாஸ்டின் தானாகவே நெற்றியை நீட்டினார். பிறகு அவளும் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மணிமேகலை சக்கரத்தைப் பிடித்தாள். மோட்டார் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. முன்மூக்கு தூக்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் விரிந்து, காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினாள். “யேய்!” என்று பதிலுக்குக் கத்தினார் செபாஸ்டின், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு.

பெரியண்ணன் பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பெருமையாகப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

“ஏம்மா, ஏரி சின்னதாவுது.”

“என்னாது?”

“சின்னதாவுதும்மா! காரிமங்கலம் வந்துடுச்சி. ஐயோ, சேலம் வந்துடுச்சி. நிக்க மாட்டேங்குது!”

திரை ‘டிங், டிங்’ என்று சொல்லிக்கொண்டே சுருங்கியது. தீர்த்தம்மாள் வைத்த பொட்டு, வரைபடத்தைச் சின்னதாக்கும் குறியின்மேலேயே உட்கார்ந்திருந்தது. ஈரச் சந்தனத்தை விரல் என்று எண்ணிக்கொண்ட திரை, யாரோ விடாமல் அழுத்துகிறார்கள் என்று கீழ்ப்படிந்து போய்க்கொண்டே இருந்தது. தமிழ்நாடு கட்டைவிரல் அளவானது. இலங்கை வந்தது. நீலம் நீலமாகக் கடல் வந்தது.

“தலைவரே, மாலத்தீவு பக்கம் போயிட்டீங்க. நாங்க இல்லாம போவாதீங்க,” என்றார் செபாஸ்டின்.

பெரியண்ணன் துண்டு முனையால் பொட்டைத் துடைக்கப் போனார். தீர்த்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிக்கறீங்களே, அறிவிருக்குதாண்ணா?” ஒரு வழியாக அவளே அதைப் பெட்டியின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள். அதற்குள் தண்ணீர் தெறித்துத் திரையெல்லாம் துளி. பெரியண்ணனின் ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. யாரும் தொடாதபோது அதுவாக அசைந்தது. வெயில் நேராக விழுந்ததும் கண்ணாடியில் ஏரியும் இல்லை, மாலத்தீவும் இல்லை. அவருடைய மீசைதான் தெரிந்தது.

“மீசை நல்லா விழுதுங்க,” என்றாள் மணிமேகலை.

நடுப்பெட்டியை எட்டிப் பார்த்த செபாஸ்டின் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு ஏரி விரிந்ததே தெரியாது. கரையை உயர்த்துவதற்கு முந்தைய வரைபடம். படகு, மண்ரோட்டின்மேல் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

“ரோட்டு மேல போறோமா?” என்றார் பெரியண்ணன். “டோல்கேட்டு ஏதாவது குறுக்க வருதா பாருங்க.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மணிமேகலை கண்ணைச் சின்னப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை. அதன் திரை ஆரம்பத்தில் வெறும் வெள்ளை. அதற்கும் இந்த ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டது. படகு போகப் போக, போன இடத்தின் ஆழத்தை எண்ணாகச் சொல்லி, பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு வந்தது. கல்லூரியில் மலைகளுக்குச் சமஉயரக் கோடு வரைந்து வரைந்து கை ஓய்ந்தவள் அவள். இங்கே ஒரு பெட்டி ஏரியின் அடிக்கு அதே கோட்டை, படகு போகிற வேகத்துக்கு வரைகிறது. மேல் மூலையில் பொட்டோடு, கொளுத்தும் வெயிலில், எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

கிணறு இருக்கும் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். மோட்டாரை அரைவாசி தூக்கினாள்.

“பதினாலு அடி,” என்று படித்தாள். “பதினாலு. பதிமூணு.” வேகத்தை இன்னும் குறைத்தாள். “பதினொண்ணு.”

“திருப்பிடு கண்ணு,” என்றாள் அம்மா.

“அஞ்சு!”

படகின் அடி எதிலும் படவில்லை. அடுத்த நொடியே எண் குதித்தது. “நாப்பது! ம்மா, நாப்பது! கெணத்துக்குள்ள!” பிறகு மறுபடி ஐந்து, மறுபடி பதினாலு. தாண்டிவிட்டார்கள்.

அவள் படகைத் திருப்பிக் குறுக்காக ஓட்டினாள். திரும்ப, இன்னொரு குறுக்கு. இப்படி எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு துண்டு சேர்ந்தது. எட்டாவதில் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. வட்டமாகச் சுவர், நடுவில் கரும்பள்ளம்.

“அட! உளுந்து வடை மாதிரியே இருக்குது,” என்று கைதட்டினாள் தீர்த்தம்மாள்.

பெரியண்ணன் தன் பன்னிரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் மண்டியிட்டுப் பார்த்தார். “இதுல தண்ணி எறைச்சிருக்கறேன்மா நான்,” என்றார். “வாய்க்கா இந்தப் பக்கமா போவும்.” மணிமேகலை அந்தப் பக்கமும் ஓட்டினாள். வாய்க்கால் இருந்தது. செபாஸ்டின் கெஞ்சிக் கேட்டதால் கால் மணி நேரம் சக்கரத்தை அவருக்கும் கொடுத்தாள். படகு பாம்பாக வளைந்தது. அதையும் பெட்டி அப்படியே வரைந்தது.

கரையேறி, படகுத்துறைக் கொட்டகையில் தீர்த்தம்மாள் டீ ஊற்றிக் கொடுத்தாள். எல்லோருக்கும் முகம் கறுத்து, பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“அப்போ எதைங்க வெச்சிட்டுப் போறது?” என்றார் செபாஸ்டின். “பெருசை வித்தாத்தான் எனக்கு நல்லது. ஆனா கண்ணால பாத்துட்டு வாய்கூசாம சொல்ல முடியல.”

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். கரைக்கு வந்ததும் அவர் மறுபடி தலைவராகிவிட்டார். “சின்னது நல்லாத்தான் வேல செய்யுது. இல்லேங்கல. ஆனா ஆபீசரு வர்றாரு, பேப்பர்காரங்க வருவாங்க. போட்டோவுல அது டிபன் டப்பா மாதிரி விழும். பெருசை மாட்டுவோம். எதுக்கும் சாயந்தரம் ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்து பேசி...”

“அந்த நாலு பேருல யாருங்க படகு ஓட்டறது?” என்றாள் மணிமேகலை.

“அதுக்கில்லம்மா...”

“அதுக்குத்தாங்க. வெசிறி முறிஞ்சப்போ ஓட்டினது யாருன்னு ஊரே கரெக்டா சொல்லுச்சி இல்ல? பழி என்னுதுன்னா பாத்து எடுக்கறதும் நான்தான். ஈரக் கையில அழுத்தணும், வெயில்ல தெரியணும், இந்த ஏரி அதுல இருக்கணும். வெள்ளிக்கெழமைதோறும் எங்கம்மா பொட்டு வெக்கும், அதையும் தாங்கணும். உங்களுது போட்டோவுக்கு. என்னுது ஏத்திக்கிட்டுப் போற சனத்துக்கு.”

“கோவத்தைப் பாருங்க இந்தப் புள்ளைக்கு,” என்று பெரியண்ணன் செபாஸ்டினிடம் முறையிட்டார். ஆனால் குரலில் சிரிப்பு கலந்திருந்தது. “நான் வாணாம்னா சொன்னேன்? கூட்டம்னு ஒரு மொற இருக்குதில்லீங்களா? மொதல்ல தீர்மானம் எழுதணும். ரெண்டாவது...”

மணிமேகலை எழுந்து சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஸ்குரூ டிரைவரை இடுப்பில் செருகினாள். நான்கு திருகுகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“டீ ஆறுது புள்ள,” என்றாள் அம்மா.

“நீ குடிம்மா.”

கொட்டகையின் தகரக் கதவு அவளுக்குப் பின்னால் படாரென்று அடித்தது. உள்ளே பெரியண்ணன் “மூணாவது...” என்று ஆரம்பித்திருந்தார். அதற்குள் அவள் படகுக்குப் போகும் பலகைப் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தாள், செருப்பில்லாமல், ஏறக்குறைய ஓட்டமாக.