ஷிஃப்டுக்கு ஒரு டிகிரி

1

அலாரம் வீறிட்டது. உலையின் வெப்பம் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது.

ஆரம்பம் பரவாயில்லை, இருக்கட்டும். இந்தக் கதை என் கற்பனையில் உதித்த... இல்லை, உதிக்கவில்லை. ரசாயன ஆலையில் வேலை பார்க்கும் ஒரு வாசகி போகிறபோக்கில் சொன்னது: "எங்க ஆலையில யாரும் பொய் சொல்ல மாட்டாங்க சார். ஷிஃப்டுக்கு ஒரு டிகிரி ஏத்திவிட்டுப் போயிடுவாங்க." அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

கொஞ்சம் வேதியியல். ஒலிஃபின் வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஆல்டிஹைடு. சும்மா சேராது, ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் கரைந்த மஞ்சள் திரவம், அதாவது வினையூக்கி, சேர்த்துவைக்க வேண்டும். (இங்கே கல்யாணத் தரகர் உவமை ஒன்றை எழுதி அடித்துவிட்டேன்.) நாளாக ஆக அந்தத் திரவம் சோர்ந்துபோகும், உற்பத்தி குறையும். சூட்டை ஏற்றினால் குறை வெளியே தெரியாது. அளவுமீறி ஏற்றினாலோ, ரோடியம் திரண்டு உலைச் சுவரில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். உலையை இப்போதே நிறுத்தினால் திரவம் பிழைக்கும்.

3

நிறுத்தச் சொல்லத்தான் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைகிறாள் வினையூக்கிப் பிரிவின் தலைவி. இப்போது ஷிஃப்டு அவள் தம்பியுடையது. காலை ஷிஃப்டு அவள் கணவனுடையது. (குடும்ப ஆலையா என்று கேட்காதீர்கள். ஆட்களைக் குறைத்தால்தான் கதை நிற்கும்.)

முதல் பிரதியில் தம்பி வில்லன். அவன் உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு... வேண்டாம். அவனுக்குப் பதவி உயர்வு வரப்போகிறது. அவன் ஷிஃப்டில் உலை நின்றால் அது போச்சு. பயந்தவன், அவ்வளவுதான்.

4

"நிறுத்துடா."

"அவசரப்படாதக்கா. அரை மணி பொறு. ஷிஃப்டு மாறட்டும், வர்றவன் நிறுத்திக்கட்டும்."

"வர்றவனும் இதையேதான் சொல்லுவான்."

"சொன்னா சொல்லட்டும். நீ எனக்கு அக்காவா, ரோடியத்துக்கு அக்காவா?"

"இப்போதைக்கு ரோடியத்துக்கு. உனக்கு வீட்டுல."

ஒரு முடிவில் உலையை நிறுத்தும் பொத்தானை அவளே அழுத்துகிறாள். தம்பி ஜென்மத்துக்கும் அவளோடு பேசுவதில்லை. இன்னொன்றில் தம்பி அழுத்துகிறான். எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: பொத்தான்மேல் வைத்த விரலை அவள் எடுக்கப்போவதில்லை. மூன்று தடவை எடுக்கவைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஏன் என்று தம்பியைக் கேட்கவைத்தேன்.

"அரை மணிதானேக்கா? அதுல என்ன குடி முழுகிடும்?"

"காலையில உங்க அத்தானும் இதே அரை மணிதான்டா கேட்டார். குடுத்தேன்."