அம்மாவுக்கு ஓர் அறை

…குளியல் தொட்டி இருக்கிற ஹோட்டல் வேண்டவே வேண்டாம், அது மட்டும் நிச்சயம், படத்தில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, ஏனென்றால் எழுபத்து மூன்று வயதில் ஈரக் காலோடு அந்த விளிம்பைத் தாண்டுகிறவர்கள் அப்புறம் எங்கே வந்து படுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், என் மேஜைமேல்தான், எக்ஸ்ரே மேஜைமேல், இடுப்பைத் தொடவிடாமல் அலறிக்கொண்டு… இன்று காலையில்கூட ஓர் அம்மாள். தொடை எலும்பின் கழுத்து சாக்பீஸை ஒடித்ததுபோல ஒடிந்திருந்தது. கூட வந்த மகன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், "கொஞ்சம் வந்து பிடிங்க சார்" என்றேன், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லா மகன்களையும், என் அண்ணன் உள்பட, ஒரே அச்சில் வார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. சரி, தொட்டி வேண்டாம், அப்படியென்றால் இந்த நான்கு நட்சத்திரம் போயிற்று, ஏர்போர்ட்டிலிருந்து பாலம் வழியாக நடந்தே போகலாம் என்று போட்டிருக்கிறவனும் போனான், மிச்சம் இரண்டு. மணி ஒன்று பத்து. இரண்டு மணிக்கு அடுத்த ஆள் படத்துக்கு வந்துவிடுவார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்ததோடு சரி, ஒரு கை சாப்பாட்டுக்கு, ஒரு கை மவுஸுக்கு என்று உட்கார்ந்து இப்போது இரண்டு கையுமே மவுஸுக்கு. படங்கள் பார்க்கிற கம்ப்யூட்டரில் ஹோட்டல் பார்ப்பது தப்புதான், ஒரு பக்கத்தில் யாரோ ஒருவருடைய விலா எலும்பு, இன்னொரு பக்கத்தில் வெள்ளைத் தலையணை, பெரிய டாக்டர் பார்த்தால் கத்துவார், கத்தட்டுமே.

உள்ளேயா வெளியேயா, இதுதான் கேள்வி. உள்ளே என்றால் டெர்மினலுக்குள்ளேயே, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், ஆனால் அறையைப் பார்த்தால் எங்கள் ஃபிலிம் கழுவுகிற பழைய இருட்டறைதான் நினைவுக்கு வருகிறது, நான்கு சுவர், ஒரு கட்டில், ஜன்னல் என்கிற பேச்சே கிடையாது, அதுவும் இரண்டாவது டெர்மினலில், அம்மா இறங்குவது ஒன்றாவதில், இருபது நிமிஷ நடை, முழங்கால்… வெளியே என்றால் ஹோட்டல் பஸ், அரை மணிக்கு ஒன்று என்கிறார்கள், ஆனால் ஒரு பெண் எழுதியிருக்கிறாள், ஐம்பது நிமிஷம் மழையில் நின்றேன், பஸ் வரவில்லை, குழந்தை அழுதது என்று. இன்னொருத்தர் எழுதியிருக்கிறார், பஸ் டிரைவர் தங்கமான மனுஷர், பெட்டியைத் தூக்கி வைத்தார் என்று. எந்த டிரைவர் அம்மாவுக்கு வாய்ப்பான்? முதலில் இந்தக் கண்றாவி எதுவுமே இல்லை, அண்ணன் ஊரிலிருந்து இங்கே வர, நடுவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து அடுத்த விமானத்தில் ஏறுவதாகத்தான் டிக்கெட் எடுத்தோம், போன வாரம் விமானக் கம்பெனிக்காரன் நேரத்தை மாற்றிவிட்டான், சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கி மறுநாள் காலை ஒன்பதுக்கு ஏற வேண்டுமாம், பதினைந்து மணி நேரம், தங்குகிற இடம் உங்கள் பாடு என்று நாலு வரி மெயில். அவர்கள் மாற்றியதால் நாமும் தேதியை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமாம், இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள். என்ன பெரிய மனசு.

மெயில் போனது அண்ணனுக்கு. அண்ணன் அதை எனக்குத் தள்ளிவிட்டு மேலே ஒரு வரி எழுதியிருந்தான், "குட்டி, இதை நீயே பாத்துக்கோ, உனக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும்." நாற்பத்தாறு வயதில் நான் குட்டி, அதுவும் வேலை வரும்போது மட்டும். வீட்டை விற்கிற அன்றைக்கு நான் குட்டி இல்லை, "நீயும் சம அந்தஸ்துல ஒரு கையெழுத்து போடணும்" என்றான், போட்டேன். அப்பா போன எட்டாவது மாதம். அம்மாவுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு, தனியா இருந்து என்ன பண்ணப் போறாங்க, ஆறு மாசம் உங்கிட்ட, ஆறு மாசம் எங்கிட்ட, எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிந்தது, அண்ணி காபி கலந்துகொண்டு வந்தாள், அம்மா டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு "சரி, உங்களுக்கு எது வசதியோ" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நான்கு வருஷம் ஆகிறது, எட்டுக் கைமாற்றம், ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுகிற வாரத்தில் அண்ணன் குரலில் ஒரு குதூகலம் வந்துவிடும், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதுபோல, எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இங்கே நான் மட்டும் என்ன, பெண்ணுடைய படிப்பு மேஜையை ஹாலுக்கு நகர்த்தி, இஸ்திரிப் பலகையை அலமாரிக்குப் பின்னால் சொருகி, வீட்டுக்காரரிடம் "ஆறு மாசம்தானே" என்று சொல்லி… இல்லை, நான் செய்கிறேன், முகம் சுளிக்காமல் செய்கிறேன், அதாவது அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி சுளிப்பதில்லை, அது போதாதா?

"இன்னும் சாப்பிடலையா நீ?" டோக்கன் அக்கா கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், பகலெல்லாம் நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டு இந்தப் பெயர் வந்துவிட்டது, வீட்டில் பிள்ளைகளைக்கூட நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். திரையை எட்டிப் பார்த்தாள். ஹனிமூனா, என்றாள். அம்மாவுக்கு, ஒரு ராத்திரி தங்க, என்றேன், தொட்டி, பஸ், ஜன்னல், முழங்கால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், அண்ணனையும் சேர்த்துத்தான். அவள் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரி, அம்மாகிட்ட கேட்டியா, எது வேணும்னு?" என்றாள். "அவங்களுக்கு என்ன தெரியும் இதப் பத்தி," என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர் உலகத்தையெல்லாம் இணைத்துக் கொடுத்தவளுக்கு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவளுக்கு, என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன்… அக்கா இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மணி ஒன்று முப்பது.

கூப்பிட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தாள், பின்னால் குழாய்ச் சத்தம், பிறகு கதவு மூடுகிற சத்தம், அண்ணன் வீட்டில் அம்மா போன் பேசினால் எப்போதும் ஒரு கதவு மூடும். சொன்னேன், உள்ளே ஒன்று இருக்கிறது, வெளியே ஒன்று இருக்கிறது, சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுகிறேன், உனக்கு எது தோதுப்படும்?

"ஜன்னல் இருக்குமா?" என்றாள்.

"வெளிய இருக்கறதுல இருக்கு. ஆறாவது மாடி. பஸ்ல போகணும்மா, அதான் யோசிக்கறேன்."

"பஸ்ல போக எனக்குத் தெரியாதா… அதுவே எடு." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ஏம்மா, ரெண்டு நாளா எடுக்க முடியுமா அதை?"

ரெண்டு நாளா, எதுக்கு, உடம்பு சரியில்லையா, அடுத்தடுத்து ரெண்டு விமானம் ஏற முடியாது என்கிறாயா, டாக்டர் ஏதாவது சொன்னாரா, அண்ணி ஏதாவது சொன்னாளா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"ஒண்ணும் இல்லடி. சும்மாதான். அவன் வீட்டுலேந்து கிளம்பிட்டேன், உன் வீட்டுக்கு இன்னும் வரல… நடுவுல ஒரு நாள் முழுசா இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. இஷ்டத்துக்கு எழுந்திருக்கலாம். லைட்ட எரியவிட்டுட்டுத் தூங்கலாம். என்ன பண்றீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க." சிரித்தாள், அசட்டுச் சிரிப்பு. "நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் பாத்துக்கறீங்க, அதுக்காகச் சொல்லல. முடியலன்னா விடு."

"முடியும். தேதிய மாத்திக்கலாம்னு போட்டிருக்கான்."

"அண்ணன்கிட்ட சொல்லாத. ஃப்ளைட்டே அப்படித்தான் மாறிடுச்சுன்னு சொல்லிடு."

வைத்துவிட்டாள். நீங்க ரெண்டு பேரும் என்றாள், ரெண்டு பேரும்… நான்கு வருஷமாக நான் ஒரு பக்கம், அண்ணன் இன்னொரு பக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா மனசில் என் வீடு வேறு கணக்கில் இருக்கும் என்று, பெண் வீடு, சொந்த வயிற்றில் பிறந்த பெண்… அண்ணனும்தான் அந்த வயிற்றில் பிறந்தான். லைட்டை எரியவிட்டு, அது எனக்கு விழுந்த அடி, வேண்டுமென்று அடித்தாளா தெரியாமல் பட்டதா. அவருக்கு விடியற்காலை நாலு மணிக்கு ஷிஃப்ட், கதவிடுக்கில் வெளிச்சம் வந்தால் தூக்கம் கெடுகிறது என்று நான்தான் சொன்னேன், ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவாகத்தான், அன்றிலிருந்து ஒன்பதரைக்கு அந்த அறை இருட்டாகிவிடும், நான் அதைப் பார்த்து, அம்மாவுக்கு இப்போதெல்லாம் சீக்கிரமே தூக்கம் வந்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டேன். நம்பினேனா? ராத்திரி டியூட்டி பார்த்துப் பழகிய பொம்பளைக்கு ஒன்பதரைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்… ராத்திரி டியூட்டி ஆறு மணிக்கு முடியும், வீட்டுக்கு அரை மணி நேர பஸ், ஆனால் அம்மா எட்டு மணிக்குத்தான் வருவாள், நானும் அண்ணனும் பல் தேய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்போம், அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், "பஸ் லேட்" என்பாள், வாரத்தில் நாலு நாள் பஸ் லேட். முகம் மட்டும் தூங்கி எழுந்த முகமாக இருக்கும், தலை புதிதாகப் பின்னியிருக்கும். நாற்பது வருஷமாக அந்த பஸ்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன் நான்.

சரி, நேரமாகிறது. வெளியே இருக்கிறவன்தான், ஆறாவது மாடி, ஜன்னல், தொட்டி கிடையாது, தலைக்குமேல் குழாய், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருக்கிறது. இரவுகள் என்கிற இடத்தில் ஒன்றை இரண்டாக்கினேன். விமானத்தைச் செவ்வாயிலிருந்து புதனுக்கு மாற்றினேன், இடமிருந்தது, நடைபாதை ஓரத்து இருக்கை. அண்ணனுக்கு இரண்டு வரி தட்டினேன், ஃப்ளைட் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது, ஹோட்டல் போட்டுவிட்டேன் என்று, பொய் சொல்ல ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, அனுப்பிய உடனே கட்டைவிரல் ஒன்றை உயர்த்தினான், அவ்வளவுதான், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். இனிமேல் அந்தப் பச்சைப் பட்டையை அழுத்த வேண்டியதுதான், உறுதி செய். அம்மா ஒருவேளை யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே, பாவம், ஆசைப்பட்டு ஒன்று கேட்டாள், நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள் என்று அவசர அவசரமாக அழுத்தினேன், வட்டம் சுற்றியது, சுற்றியது, முன்பதிவு முடிந்தது என்று வந்தது. அப்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியது… எவ்வளவு சுகமாக இருந்தது அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருவேன், செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு சோபாவில் விழுவேன், ஏன் முகம் வாடியிருக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், எட்டு மணிக்கு டிவி அலறாது, ஹாலில் மேஜை இல்லை, ஒரு நாள், முழுசாக ஒரு நாள்… கையை எடுத்துவிட்டேன் மவுஸிலிருந்து.

அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "முப்பத்து மூணு வந்தாச்சு, அனுப்பவா? அம்மாவுக்குக் கிடைச்சுதா ரூம்?"

"கிடைச்சுது. ரெண்டு நாளைக்கு."

"ரெண்டு நாளா? பரவால்லையே," என்றாள், "அம்மாவுக்காக இவ்வளவு மெனக்கெடறியே, யார் செய்வாங்க இந்தக் காலத்துல."

இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பத்து மூன்றாம் நம்பர் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார், எங்கே நிற்கணும் என்று கேட்டார், கேட்டுக்கொண்டே நின்றார், அழுத்தினது அம்மா கேட்டதாலா, இல்லை அதற்கு முன்பே என் விரல் அங்கே போயிருந்ததா, எது முதலில், எது…