கறை ஏறிய பக்கம்

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா தேவநாதனுக்கு இரண்டு விஷயங்களில் வெட்கம் கிடையாது. ஒன்று, அவர் இடது கைக்காரர். பேனா பிடிப்பதும் பென்சில் சீவுவதும் எல்லாம் அந்தக் கையில்தான். இன்னொன்று, பேனாக்கத்திப் பைத்தியம். சட்டைப் பையில் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி இல்லாமல் அவர் வாசற்படி இறங்கியது கிடையாது.

வெட்கப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வீட்டில் யாரும் இல்லை.

யாரும் இல்லை என்றால் யாருமே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு மாதம். தலைப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் தாய் போனாள். அவள் பின்னாலேயே குழந்தையும் போய்விட்டது. சொந்தக்காரர்கள் இரண்டு இடத்தில் பெண் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார்கள். இவர் பதில் போடவில்லை. அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் எழுதுவார்கள்?

மொய்தீன் பிச்சை பழக்கமானதே கத்தியால்தான். அவர் கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையிலேயே உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டியும் கொடுப்பார். ஒரு நாள் விழுப்புரத்துக்குப் பார்சல் போட வந்தவர், தேவநாதன் இடது கையால் கத்தியை விரித்துச் சணலை அறுத்ததைப் பார்த்தார். பேசாமல் தன் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான். அரை மணி நேரம் இருவரும் அலகு, ஆணி, பிடி என்று பேசிக்கொண்டே நின்றார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஓய்ந்துபோனார்கள்.

"அமாவாசைக்கு அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம கடைக்கு வாங்க சார்" என்றார் மொய்தீன் பிச்சை. "நம்மள மாதிரி இன்னொரு கிறுக்கும் வரும்."

அந்த இன்னொரு கிறுக்கு விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிர் வைக்கும் பச்சைமுத்து. ஞாயிறு மத்தியானம் கடையை அடைத்துவிட்டுப் பின்கட்டில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுவார்கள். அதுதான் சபை. சபைக்கு இரண்டு சட்டம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும். பெட்டிமேல் வைக்கணும், மற்றவர் எடுத்துக்கொள்ளணும். இரண்டாவது, வைத்தவர் அந்த மாதம் அந்தக் கத்தி வீட்டில் என்ன கூத்து அடித்தது என்று சொல்லணும். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் பச்சைமுத்து சொன்னதைக் கேட்டு தேவநாதனுக்கு வயிறு வலித்துவிட்டது. பெண்டாட்டி சின்னபொண்ணை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு பனமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். பாதி வழியில் புதுச் சேலையின் முந்தானை செயினில் மாட்டிக்கொண்டது. எதிரே லாரி.

"நான் இன்னா பண்ணுவேன்? கத்திய எடுத்து ஒரு முழம் அறுத்து வுட்டுட்டேன். உசுரக் காப்பாத்தனவன்னு ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா? எறங்கி நாலு மைலு வூட்டுக்கு நடந்தே பூட்டா. எட்டு நாளு பேச்சு கெடையாது. கத்தியையும் காணோம். ஒம்பதாம் நாளு கேப்பை மாவுப் பானையில கெடக்குது."

மொய்தீன் பிச்சையின் கத்திக்கு முனை இல்லை. கொழுந்தியாள் கல்யாணத்தில் புடவைப் பெட்டிச் சாவி தொலைந்துபோய், கத்தியை விட்டு நெம்பியதில் ஒடிந்தது. "ஒடிஞ்ச பெறகு எங்க வூட்டுக்காரி ஜமீலா வந்து மூடியத் தூக்குறா, தொறந்துக்குது. பெட்டிய யாருமே பூட்டல சார்."

பிறகு இருவரும் தேவநாதனைப் பார்த்தார்கள்.

"பென்சில் சீவுனேன். சணல் அறுத்தேன்" என்றார் அவர்.

"அதெல்லாம் ஆபீஸ் வேல சார்" என்றார் பச்சைமுத்து. "வூட்டுல இன்னா பண்ணிச்சி?"

தேவநாதன் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எங்க பாப்பா இருக்குதே... பதினோரு வயசு. பென்சில் சீவுறேன்னு கத்திய எடுத்துக்கினு போயி, பின்னிவுட்ட ஜடையோட ரிப்பனையும் சேத்து அறுத்துக்கினு வந்து நிக்குது. அவங்கம்மா என்னைத்தான் திட்டுறா."

பச்சைமுத்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மொய்தீன் பிச்சை இன்னொரு டீ வரவழைத்தார். தேவநாதன் சாயங்கால பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் கூசியது. நாற்பத்திரண்டு வயது மனிதன் பேசுகிற பேச்சா இது? மயிலம் தாண்டும்வரை அந்த வெட்கம் இருந்தது. விக்கிரவாண்டி வந்தபோது, அடுத்த மாதம் பாப்பா என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தச் சபையில் சும்மா வாயால் சொன்னால் போதாது. அவர்கள் அலகைப் பார்க்கிற ஆட்கள். எலுமிச்சை பட்டால் ஒரு நிறம், வாழைக்காய்ப் பால் பட்டால் ஒரு நிறம், தகர டப்பாவை நெம்பினால் அலகின் விளிம்பு எங்கே உடைந்து பல் விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதனால் தேவநாதன் சொல்லப் போகிற ஒவ்வொரு கூத்தையும் முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம் தன் அறையில் தானே நடத்தினார்.

சித்திரையில் பாப்பா மாங்காய் சீவப்போவதாக முடிவானது. கிளிமூக்கு மாங்காய் ஒன்று வாங்கி வந்து, தோல் சீவி, பத்தை போட்டார். அலகைத் துடைக்காமல் வைத்துக் கறை ஏறவிட்டார். பத்தைகளைப் பேப்பரில் மூன்று கூறாக வைத்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவினார். தன் கூறைத் தின்றார். பிறகு மற்ற இரண்டு கூறையும் அவரே தின்றார். பல் கூசி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தையல்நாயகி கத்தியால் பால் டப்பாவைத் திறந்து அலகில் பல் விழவைத்தாள். பாப்பா பட்டத்து நூலை அறுத்து எதிர்வீட்டுக் கிணற்றில் கத்தியைப் போட்டாள். அதற்காகக் கத்தியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர்ச் சொம்பில் ஊறப்போட்டுத் துரு ஏற்றினார் மனிதர். ரிப்பன் கடைக்காரர் "பாப்பாவுக்கா சார்?" என்று கேட்டால், கூசாமல் "ஆமா" என்பார். மாதத்தில் ஒரு நாள் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. மீதி நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் கழிந்தன.

மறு வருஷம் பங்குனியில் மொய்தீன் பிச்சை மகள் ஹாஜிராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. சபையில் பத்திரிகையைப் பெட்டிமேல் வைத்தார்.

"தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கினு வரணும் சார். சாக்குச் சொல்லக் கூடாது. எங்க வூட்டுல ஜமீலா, பாப்பாவப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

அதோடு விட்டாரா? ஒரு சின்னப் பேனாக்கத்தியையும் எடுத்து வைத்தார். பித்தளைப் பிடி, விரல் நீளம்கூட இல்லாத அலகு. அவரே அலகும் பிடியும் கூட்டிச் செய்தது. "இது பாப்பாவுக்கு. அப்பன் கத்தியக் கெடுத்துக்கினு கெடக்க வேணாம். பேரு சொல்லுங்க, இப்பவே வெட்டிடறேன்." உளியும் சுத்தியலும் தயாராகக் கையில் இருந்தன.

தேவநாதன் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை.

எத்தனை பொய் சொல்லியிருக்கிறார்! ரிப்பன், மாங்காய், கிணறு, எல்லாம் சரளமாக வந்தன. ஒரு பேர் சொல்ல முடியவில்லை. பேர் வைக்கிற நாள்வரை அந்தக் குழந்தை இருக்கவில்லை. அதற்கு இப்போது உட்கார்ந்த இடத்தில் ஏதோ ஒரு பேரைப் பொய்யாகப் போட அவருக்கு நெஞ்சு வரவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சு பாய்" என்று எழுந்தார். சின்னக் கத்தி பெட்டிமேலேயே கிடந்தது. ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது மூவருக்குமே தெரியும்.

நிக்காஹுக்கு அவர் போகவில்லை. அடுத்த சபைக்கும் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. எந்த முகத்தோடு போவது? உண்மையைச் சொன்னால், ஒரு வருஷமாக அவர்களை முட்டாளாக்கியவன் என்றுதானே நினைப்பார்கள்? உலகத்தில் அவரை எதிர்பார்த்து டீ சொல்லுகிற இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் பார்சல் ஆபீசும் இந்த அறையும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீட்டத் தேவையே இல்லாத கத்தி.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, கதவைத் தட்டியது மொய்தீன் பிச்சை. கையில் கல்யாண இனிப்பு டப்பா. அவரை வெளியே நிற்கவைக்க முடியுமா? உள்ளே வந்தார். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர், கொடியில் இரண்டு வேட்டி. மொய்தீன் பிச்சை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் ஊருக்குப்..." என்று ஆரம்பித்தார் தேவநாதன்.

"வேணாம் சார். போன வருசம் நீங்க மாங்காக் கத அளந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

தேவநாதன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வலக் கைக்காரங்க மாங்கா சீவுனா, அலகை விரிக்க நகம் வெக்கிற குழி இருக்குதே, அந்த நகக்குழிப் பக்கம் காய்மேல படியும். கறை அங்கதான் ஏறும். உங்க கத்தியில மறுபக்கம் ஏறியிருந்திச்சி. சரி, பாப்பாவும் அப்பன் மாதிரின்னு நெனச்சேன். அப்பறம் தங்கச்சி டப்பா தொறந்தாங்கன்னீங்க. அதுவும் இடக் கைப் பல்லு. வூட்டுல மூணு பேருமா சார் இடது கை?"

"அப்பவே ஏன் கேக்கல பாய்?"

"கேட்டா நீங்க வரமாட்டீங்களே."

தேவநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். தையல்நாயகி வலது கைக்காரி, இவர் இடது கையால் சாப்பிடுவதைக் கேலி செய்வாள் என்று ஆரம்பித்து, அந்த இரண்டாம் நாள் சாயங்காலம்வரை சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. "எல்லாமே பொய்யில்ல பாய். இருந்திருந்தா நான் சொன்ன அன்னிக்குப் பதினோரு வயசுதான். பேருதான் வெக்கல."

மொய்தீன் பிச்சை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தியை எடுத்துத் தரையில் வைத்தார். பித்தளைப் பிடி வெறுமையாக இருந்தது.

"அந்தப் பேஜாரு புடிச்ச கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாது. இருந்தாலும் இது பாப்பாவுக்குன்னு செஞ்சது, என்கிட்ட இருக்கக் கூடாது. பச்சமுத்துக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம வாங்க."

அவர் போனபிறகு தேவநாதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கணும். இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் என்றபிறகு பாப்பா எப்படி ரிப்பன் அறுப்பாள், தையல்நாயகி எப்படித் திட்டுவாள்? ஒரு வருஷம் பழகிய வீடு அது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த தனிமை, அவர்களைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை. தரையில் கிடந்த சின்னக் கத்தியை அவர் மூன்று நாள் எடுக்கவே இல்லை. சுற்றிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு மாங்காய் வாங்கினார். வீட்டுக்கு வந்து சின்னக் கத்தியை எடுத்து விரித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

வலது கை சொன்னபடி கேட்கவில்லை. தோல் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் சீவாமலும் நின்றது. பாதி மாங்காயில் கத்தி வழுக்கி, காயைப் பிடித்திருந்த இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மீதியையும் வலது கையாலேயே சீவி முடித்தார்.

மறுநாள் சபையில் பச்சைமுத்து அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க சார் பூட்டீங்க? பாப்பா நல்லாக்கீதா?"

தேவநாதன் சின்னக் கத்தியைப் பெட்டிமேல் வைத்தார். "புதுக் கத்தியில பாப்பா மாங்கா சீவிச்சி" என்றார். சொல்லும்போது மொய்தீன் பிச்சையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மொய்தீன் பிச்சை கத்தியை எடுத்தார். விரித்தார். ஒரு பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். புது அலகில் ஒரே ஒரு கறை, நகக்குழி இருக்கிற பக்கம். பிறகு தேவநாதனின் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அலகை மடித்தார்.

"பாப்பா வலது கைதான்" என்றார்.

"ஆமா பாய். அவங்கம்மா மாதிரி."

பச்சைமுத்து கத்தியை வாங்கிப் பார்க்கும் ஆசையில் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பிடியில பேரு வெட்டலியே பாய்?"

"இன்னா ஜல்தி? வெட்டிக்கலாம்" என்று சொல்லிக் கத்தியைப் பெட்டிமேல் வைத்தார் மொய்தீன் பிச்சை.

திரும்பும்போது பாசஞ்சரில் கூட்டமே இல்லை. மயிலம் தாண்டியதும் விரல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. தேவநாதன் துணியை அவிழ்த்துப் பார்த்தார். நல்ல ஆழம். நல்லவேளை, பாப்பா கையில் படவில்லை என்று நினைத்தார். அப்படி நினைத்தபிறகுதான் அழுகை வந்தது. எதிர்ப் பலகையில் யாரும் இல்லாததால் விழுப்புரம் வரும்வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.