இடது கையில் கீறல்

காலை ஷிப்ட் முடித்து மில் பஸ்ஸில் வந்து இறங்கி, சோறு வடித்து, என் வீட்டுக்காரருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் போர்வையோடு சாய்ந்தால், பொழுது சாய்கிற வரைக்கும்தான் எனக்குத் தூக்கம். அந்தக் கொஞ்ச நேரத்தையும் எங்கள் வீட்டுப் பூனை விட்டுவைக்காது.

கண் சொருகும்போது போர்வைக்குள் என் கால் கட்டைவிரல் லேசாக அசையும். தூக்கத்தில் யாருக்குத்தான் அசையாது? பீரோ ஓரம் உட்கார்ந்திருக்கிற பூனைக்கு அது போதும். தலையைத் தரையோடு அமுக்கிக்கொள்ளும். பின்பக்கம் மட்டும் மேலே நின்று இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டம் தொடங்கினால் அடுத்தது பாய்ச்சல்தான். நாலு காலாலும் என் பாதத்தைக் கட்டிப்பிடித்து ஒரு கடி. நான் அலறிக்கொண்டு எழுந்தால், எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். திட்டியும் பார்த்தேன், விளக்குமாற்றை எடுத்தும் பார்த்தேன். கடைசியில் கட்டை மாதிரி கிடக்கப் பழகிக்கொண்டேன். அசையாமல் கிடந்தால் கொஞ்ச நேரம் பார்க்கும், மோந்து பார்க்கும், கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடும்.

அதன் பெயர் பாரா. வைத்தவர் என் வீட்டுக்காரர் விஜயபாண்டி. போலீசில் ஏட்டு. குட்டியாக வந்த புதிதில் ராத்திரி முழுக்க வாசல்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஸ்டேஷன்ல பாரா நிக்கிறவன்கூட இம்புட்டு முழிச்சிருக்க மாட்டான்" என்றார். அதுவே பெயராகிவிட்டது. மற்றபடி இவருக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. ராஜபாளையத்தில் பிறந்துவிட்டு நாயை விட்டுப் பூனையைக் கொஞ்சினால் மரியாதை என்ன ஆகும்?

போன கார்த்திகையில் பந்தோபஸ்து முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றும்போதே கீழே விழுந்தார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. காலில் மட்டும் மெல்ல உயிர் வந்து, கம்பை ஊன்றி பாத்ரூம் வரைக்கும் போகிறார். கை அப்படியே கிடந்தது.

ஷெரின் என்று ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நல்ல பிள்ளைதான். ரப்பர் பந்தை இவர் உள்ளங்கையில் வைத்து, "சார், அமுக்குங்க சார், மனசு வச்சா முடியும் சார்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லும். நான் பக்கத்தில் நின்று அந்த விரல்களையே பார்ப்பேன். பந்து உருண்டு கீழே விழும். பாரா அதைத் தட்டிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடும். இவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள், "அந்தப் பிள்ளைய இனிமே வரவேண்டாம்னு சொல்லிரு" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவர் திருப்பியவர்தான். கை போனதைவிட, மனுஷன் இப்படிக் கைவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் கீறல்கள் வர ஆரம்பித்தன. நான் மில்லிலிருந்து வரும்போதெல்லாம் அந்த இடது கை விரல்களில் புதிதாக ரெண்டு கோடு இருக்கும். சில நாள் ரத்தம் போர்வையில் காய்ந்திருக்கும். டெட்டாலைத் தொட்டு வைத்துக்கொண்டே, "எரியுதா?" என்பேன். "இல்ல" என்பார். அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை, பிடித்தால் இழுத்துக்கொள்ளவும் தெரியாது, இளக்காரம் கண்டுகொண்டு பூனை பிறாண்டுகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சுகர் இருக்குற உடம்பும்மா. புண்ணு வச்சுச்சுன்னா பொறவு கைய காப்பாத்த முடியாது. முதல்ல பூனைய வெளியேத்துங்க."

வந்து இவரிடம் சொன்னேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல தங்கச்சி வீட்ல கொண்டுபோய் விட்ருதேன்."

இவர் காலடியில் கிடந்த பாராவைப் பார்த்தார். பிறகு, "ஒன் இஷ்டம்" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. என் இஷ்டம் என்று ஒன்றைக் கேட்டிருந்தால், ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

லீவு நாளன்று, பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளை இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாராவைக் கட்டைப்பையில் போட்டு, பை வாயை லேசாகக் கட்டி டவுன் பஸ் ஏறினேன். பைக்குள்ளிருந்து ஒரே கத்தல். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஆணா, பொண்ணாம்மா?"

"ஆணுதான்."

"அப்ப அதுக்கு டிக்கெட் எடுக்கணுமே. பொம்பளையளுக்குத்தான் ப்ரீ."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தங்கச்சி அங்காளம்மாள் வீட்டில் பாலுக்குப் பஞ்சமில்லை. அவள் வீட்டுக்காரருக்குப் பால்கோவா கிண்டுகிற வேலை. பையைத் திறந்ததும் பாரா கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. அங்காளம்மாள் தட்டில் பால் வைத்தாள். வரவில்லை. பால்கோவா டப்பா கட்டுகிற நூல் உருண்டை ஒன்றை அதற்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பாரா அதைச் சுவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தது.

"என்னக்கா, வெளையாடவே மாட்டேங்குது? மந்தமா இருக்கு?"

"ஏட்டி, சும்மா கெடக்குறத அது தொடாதுட்டி. எம்புட்டு நேரம் வச்சாலும் தொடாது. லேசா அசைச்சுப் பாரு, எப்படி வருதுன்னு."

அவள் நூலை விரலில் சுற்றி மெல்ல அசைத்தாள். பாரா தலையை அமுக்கியது. பின்பக்கம் ஆடியது. ஒரே பாய்ச்சல். "ஐயோ!" என்று கையை உதறினாள். விரலில் சிவப்பாக ரெண்டு கோடு.

நான் அந்த ரெண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே அளவு, அதே இடம். சும்மா கிடப்பதைத் தொடாது என்று என் வாயால்தான் சொன்னேன். என் கால் விரலை அசைக்காமல் வைத்துப் பூனையை ஏமாற்றத் தெரிந்த எனக்கு, வீட்டில் ஒரு கை தினமும் கீறல் வாங்குகிறதே, அது அசையாமல் எப்படி வாங்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"அந்தப் பையை எடு. நான் வாரேன்."

"செத்த நேரம் உக்காரு, சாப்ட்டுப் போலாம்."

"பொறவு வாரேன்ட்டி."

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, கையெல்லாம் கீறல் வாங்கி, பாராவைப் பிடித்துப் பையில் போட்டேன். அங்காளம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பையைத் திறந்துவிட்டேன். பாரா நேரே கட்டிலில் ஏறி அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. இவர் திரும்பிப் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா அசையுது?" என்றேன்.

"எது?"

"கைதான். எங்கிட்ட மறைக்காதீங்க. அசையாத கைய பூனை கீறாது."

போலீஸ்காரர் அல்லவா, எத்தனை பேரிடம் உண்மையை வாங்கியிருப்பார். தான் சொல்ல வேண்டியது வந்ததும் வலது கையால் போர்வை நுனியைத் திருகினார்.

"ரெண்டு வெரல்தான்" என்றார். "அதுவும் நெனச்சப்ப வராது. ஒருக்கா அசையும், பொறவு நாள் பூரா அசையாது. இவன் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான். அசைஞ்சா பாய்வான், அசையலேன்னா தூங்கிருவான். அவனுக்கு ஒண்ணும் இல்ல." கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "ஒங்கிட்ட சொன்னா நீ வந்து நிப்ப. நீ பாக்கும்போது அசையலேன்னா, ஒன் மூஞ்சி சுருங்கும்லா, அத என்னால பாக்க முடியல மாரிக்கனி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை மாதம் நான் தனியாக இழுத்த பாரத்துக்கு இந்தச் சேதி ஒன்று போதுமே, அதைப் பூனையிடம் கொடுத்துவிட்டு எனக்கு டெட்டால் பாட்டிலைக் கொடுத்திருக்கிறாரே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தத் தெம்பில்லை. பீரோவைத் திறந்து அவருடைய காக்கி சாக்ஸ் ஒன்றைத் தேடி எடுத்து, அந்த இடது கையில் மாட்டிவிட்டேன்.

"இதோட வெளையாடுங்க, கீறாது. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்தபடியே கண் சொருகியது.

"மாரிக்கனி."

"ம்."

"திரும்பு. பாரு."

திரும்பினேன். சாக்ஸ் போட்ட கை போர்வைமேல் கிடந்தது. இவர் நெற்றியெல்லாம் வியர்வை. கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அசையவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் அசையவில்லை. என் மூஞ்சி சுருங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அப்போது எனக்கு வேலை. நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் நிற்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"பரவால்ல, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் கண்ணால் காலடியைக் காட்டினார்.

பாரா தலையைப் போர்வையோடு அமுக்கிக்கொண்டிருந்தது. கண் சாக்ஸைவிட்டு விலகவில்லை. என் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதன் பின்பக்கம் மெல்ல, இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியிருந்தது.