மீந்த இரண்டு குச்சி

விமானத் தளத்தில் எல்லோரும் அவரை உப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மேகத்துக்கு உப்புப் போடுகிறவர். காற்றிலிருக்கும் நீராவி மேலே ஏறிக் குளிர்ந்து மேகமானாலும் லேசில் கீழே இறங்காது. ஒட்டிக்கொள்ள ஒரு பொடி கிடைக்காவிட்டால், உறைய வேண்டிய குளிரிலும் உறையாமல் வீம்பு பிடித்துத் தொங்கும். இறக்கையில் கட்டிய குச்சியைக் கொளுத்தி வெள்ளி உப்புப் புகையை விட்டால், அந்தப் பொடியில் படிந்து பனிச்செதிலாகிக் கனத்து விழும். வழியில் உருகினால் மழை, உருகாவிட்டால் பனி.

அன்று ஏரிக்கு மேலே வேலை நன்றாகவே முடிந்து, இரண்டு குச்சி மீந்தது. எரியாத குச்சியோடு தரையிறங்கப் பயந்து, திரும்பும் வழியில் அகப்படும் மேகத்தில் கொளுத்திவிடுவது அவர்கள் வழக்கம். அப்படியே செய்தார். கழித்துக்கட்டினால் போதும் என்ற நினைப்பில், அந்த மேகம் மலைப் பக்கம் போவதைக் கவனிக்கவில்லை.

விமானம் நின்றதும் தம்பியிடமிருந்து போன். லாரி ஓட்டுகிறவன். நாளை வரவேண்டியவன் இன்றைக்கே புறப்பட்டு, மலைக் கணவாயில் மாட்டிக்கொண்டானாம். பனி கொட்டுகிறதாம். வண்டி சறுக்கி, ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறதாம். ஹீட்டர் ஓட டீசலும் அதிகம் இல்லையாம்.

உப்புக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆடாமல் அசையாமல் உட்கார் என்றார்.

"பயப்படாதண்ணே. காலையில நல்ல வெயில். இது ஏதோ போற மேகம், பெய்யாமலே போயிருக்க வேண்டியது. சீக்கிரம் தீந்துடும்."

உப்புப் போட்டது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. போடாவிட்டாலும் பெய்திருக்குமோ? அதை எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதற்குள் லைன் அறுந்தது. மறுபடி மறுபடி அடித்தும் கிடைக்கவில்லை.

முன் இருக்கையில் இருந்த விமானி சாலை மீட்பு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். பனி நிற்காமல் வண்டி மேலே ஏறாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"கேப்டன், இன்னொரு தடவை மேல போவோமா?"

விமானி அவரைத் திரும்பிப் பார்த்தார். "போயி?"

தூவத் தெரிந்தவருக்குத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. இடுப்புப் பட்டையை அவிழ்க்காமல், நின்றுவிட்ட விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.