வலது மேல் மூலை

எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பத்தில் போட்டோவை ஒட்டக் கூடாது. வலது மேல் மூலையில் குண்டூசியால் குத்தித்தான் வைக்க வேண்டும். மேனேஜர் போட்ட சட்டம் இது. காரணம் கேட்டால் "அதுதாம்மா வசதி" என்பார். வசதி அவருக்கு. ஆள் எடுக்கிற நாளில் நான் ஊசிகளைக் கழற்றி, ஒவ்வொரு போட்டோவின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதி அவர் மேசையில் வைப்பேன். அவர் அவற்றைச் சீட்டு மாதிரிப் பரப்பி, நாலைந்தைப் பொறுக்கி என் பக்கம் தள்ளுவார். அந்த நாலைந்து பேருடைய விண்ணப்பங்களை மட்டும் நான் தேடிக் கொடுத்தால் போதும். போட்டோ இல்லாதவர்கள் ஆட்டத்திலேயே இல்லை. அவர்களுடைய தாள்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று கீழ் இழுப்பறைக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

நாங்கள் விற்பது தரைக்குப் போடுகிற டைல்ஸ். காலால் மிதிக்கிற சாமானை விற்க முகம் எதற்கு என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒருமுறை இரண்டு போட்டோக்களின் பின்னால் பெயர்களை மாற்றி எழுதிவிட்டேன். அவர் வேண்டாமென்று ஒதுக்கிய பெண் வந்து எதிரில் நின்றாள். "நான்தான் சொன்னேனே, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று அவளையே எடுத்துக்கொண்டார். அவள் ஆறு வருடம் இருந்தாள். விற்பனையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பிழைப்பு எனக்கு.

இந்த வருடம் கம்பெனி கைமாறியது. அலுவலகத்தில் பத்தொன்பது பேர். இனி ஏழு இடம்தான். மேனேஜர் உட்பட எல்லாரும் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். அவற்றைத் திரட்டி ஒப்படைக்கும் வேலை வழக்கம்போல என் தலையில். சுற்றறிக்கையின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'புகைப்படம் இணைப்பது அவரவர் விருப்பம்.'

விருப்பமாம். இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் தானாக வலது பக்கம் வழிந்தது. முகவாதம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசி முகத்திலேயே தங்கிவிட்டது. வலது கண் முழுதாக மூடாது, பேசினால் வாய் இடது பக்கம் இழுக்கும். அதுவரை நான் இந்த வேலையோடு வரவேற்பு மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என்னைப் பின் அறைக்கு மாற்றினார். "உங்க நல்லதுக்குத்தாம்மா. யாராவது ஏதாவது கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம்" என்றார். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டில் நானும் மகளும்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வேலை போனால் இன்னொரு அலுவலகத்துக்கு, இன்னொரு மேனேஜருடைய மேசையில் பரப்ப என் முகத்தை அனுப்ப வேண்டும்.

விண்ணப்பத்தை மகள்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள்.

"போட்டோ?" என்றாள்.

"பழசு ஒண்ணு இருக்கே, அதை வச்சிடலாம்."

"அது அஞ்சு வருஷத்துக்கு முந்தி எடுத்ததும்மா. நேர்ல கூப்பிட்டா என்ன பண்ணுவ?"

"அப்ப புதுசா எடுத்துக்கறேன்."

"புதுசைப் பார்த்துட்டுக் கூப்பிடவே இல்லன்னா?"

"அப்ப வேண்டாம், விடு."

"வைக்கலன்னா என்னத்தையோ மறைக்கறான்னு நினைப்பாங்களே?"

"உன்னை வக்கீலுக்குப் படிக்க வைக்காம விட்டது என் தப்புடி" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்கு இரண்டு பக்கம்தான் நெருப்பு, எனக்கு நாலு பக்கமும்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து "லேசா சிரிங்கம்மா" என்றார். சிரித்தேன். "வேணாம், சும்மாவே இருங்க" என்றார். படம் திரையில் வந்ததும், கேட்காமலே ஒரு உதவி செய்தார். "இந்தப் பக்கத்தை அப்படியே திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிட்டா ஒண்ணும் தெரியாது." ஒட்டினார். என் இடது கன்னத்து மச்சம் இரண்டு கன்னத்திலும் வந்துவிட்டது. ஒன்றை அழித்தார். திரையிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்தாள். லட்சணமான பெண்தான், எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பெரியம்மா மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள்.

எனக்கும் என் அக்காவுக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. படத்தைக் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமைக்குள் பதினெட்டுப் பேரும் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டிலும் வலது மேல் மூலையில் போட்டோ. விருப்பம் என்று சொன்னால் எவன் நம்புவான்? மேனேஜர் மட்டும் தன்னுடையதை நேரில் கொண்டுவந்தார். பின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

படத்தில் அவருக்குத் தலைநிறைய முடி.

"நல்லா இருக்கு சார்."

"முடி கொஞ்சம் அதிகமா தெரியுதோ?"

"படத்துலதானே சார்."

அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், பயந்துபோயிருந்தார். போகும்போது நின்று, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்: "நீங்க போட்டோ வைக்காதீங்கம்மா. விருப்பம்னுதானே போட்டிருக்கு." போட்டோ இல்லாத விண்ணப்பம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தக் குழியைத் தோண்டியவரே அவர்தான். தாள்களை அதில் தள்ளி மூடியவள் நான். அது நினைவுக்கு வந்ததும் அவர்மேல் வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது, மீதிப் பாதி என்மேல் திரும்பியது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கதவைத் தாழிட்டேன். பதினெட்டு ஊசிகளையும் உருவினேன். போட்டோக்களை ஒரு கவரில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். திருட்டு என்றால் திருட்டுதான். ஊசி கழற்றிப் பழகின கை. பத்தொன்பதாவதாக என்னுடையதைச் சேர்த்து, பெயர் வரிசைப்படி அடுக்கினேன். இப்போது எல்லாருமே ஒரே மாதிரி மொட்டைத் தாள்கள். ஏழு பேரை எடுக்க வேண்டுமானால் படித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நல்ல பெண். வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். விண்ணப்பக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"யாருமே போட்டோ வைக்கலையா?"

"விருப்பம்னு போட்டிருந்தது மேடம்" என்றேன், அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ஆச்சரியமா இருக்கு." மறுபடி ஒருமுறை புரட்டினார். "வெறும் பேப்பரை வச்சுக்கிட்டு எனக்கு என்ன தெரியப்போகுது? எல்லாரையும் நேர்லயே பார்த்துடறேன். நீங்க வரிசையா பேரைக் கூப்பிடுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. வேறு வழியில்லாமல் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் அவருக்குத் தெரிகிற மாதிரி பார்த்துத்தான் போட்டேன். தாளை நீட்டும்போதும் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினேன். பிறகு கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துப் பெயர் சொல்வது, ஆள் வருவது, ஐந்து நிமிடம், ஆள் போவது. மேனேஜர் ஒன்பதாவது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. வெளியே போகும்போது என் பக்கம் குனிந்து, "போட்டோவை எடுத்துப் பார்த்தாங்களாம்மா?" என்றார்.

"யாரோடதையும் பார்க்கல சார்" என்றேன். நிம்மதியா வருத்தமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினான்காவது தாள் என்னுடையது. மேசையில் வைத்தேன். கதவைத் திறந்து, வராந்தாவைப் பார்த்து, என் பெயரை நானே கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து பதின்மூன்று முறை அதையே செய்த வாய். பெஞ்சில் மிச்சமிருந்த ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள்.

"வரலையா? அப்ப அதைத் தனியா வச்சிடுங்க" என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல்.

"வந்திருக்கேன் மேடம். நான்தான்."

கதவைச் சாத்திவிட்டு அவருக்கு நேர் எதிரில் வந்து நின்றேன். முழு முகத்தோடு. அவர் நிமிர்ந்தார். பார்வை முதலில் என் கண்ணுக்குப் போனது, அடுத்து வாய்க்குப் போனது, பிறகு மரியாதையாகத் தாளில் இறங்கிவிட்டது. அந்த மரியாதையை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக எல்லாரும் எனக்குக் கொடுப்பது அதைத்தான்.

"பதினோரு வருஷமா? லீவு கூட அதிகம் எடுக்கல போல." உண்மையாகவே படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஏழு இடமும் கஸ்டமர்கிட்ட நேரடியா பேசற இடம். அதான்..." தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றுமில்லை. "நீங்க ஒரு போட்டோ வச்சிருக்கலாம். இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வச்சிருக்க வேண்டியதில்ல."

"வச்சிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா மேடம்?"

அவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடினார், திறந்தார், கன்னம் சிவந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் என் வலது கண் லேசில் நிற்காது, அடக்கிக்கொண்டேன்.

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க" என்றார் மெதுவாக.

பதினைந்தாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கதவைத் திறந்து பெயரைச் சொன்னேன்.